அண்ணன் வாசலுக்கு எட்டு கிலோமீட்டர்

அப்பா செத்து ஆறு மாதத்தில் நானும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டோம். பத்திரத்தில் எல்லாம் இருந்தது. நிலம், போர்வெல், மோட்டார், பதினேழு தென்னை, இரண்டு புளியமரம், பித்தளை அண்டா, எருக்குழி வரைக்கும் எழுதியிருந்தார்கள். கொட்டகையில் நின்ற காரை எழுத மறந்துவிட்டார்கள். அதில் ஆச்சரியமில்லை. மேலே வைக்கோல் கிடந்தது. உள்ளே என் மனைவி விதைநெல் மூட்டைகளை அடுக்கியிருந்தாள். கதவைப் பூட்டலாம், மழை இறங்காது, வேறென்ன வேண்டும் என்பாள். எங்கள் வீட்டில் அந்தக் காருக்குப் பெயரே நெல் ரூம்.

அது சின்ன கார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டு உட்காரலாம். அப்பா வாங்கியபோது எனக்குப் பத்து வயது. என்ன கம்பெனி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பழைய கார் பிரியர்கள் வந்து திருத்தம் சொல்வார்கள். அவர்களோடு ஒரு வாட்ஸாப் குழுவில் இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டேன். துருப்பிடித்த கதவைப் படம் எடுத்துப் போட்டால் அறுபது பேர் கும்பிடு போடுகிறார்கள். பிரேக் எப்படிக் கழற்றுவது என்று கேட்டால் ஒருத்தன் வாய் திறப்பதில்லை.

பாகம் பிரித்தபோது நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மேட்டு நிலம் அண்ணனுக்கு. நாலு தூறல் போட்டால் மூழ்குகிற பள்ளம் எனக்கு. வாய்க்கால் தலைப்பு அவருக்கு, கடைமடை எனக்கு. மூத்தவர் கேட்கிறார், விட்டுக்கொடு என்று உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் சொன்னார்கள். விட்டுக்கொடுத்தேன். தங்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அதற்கப்புறம் ஆறு வருடம் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. எங்கேயாவது விசேஷத்தில் பார்த்தால் அவர் பந்தலைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன்.

கார் அப்பா பெயரில் இருந்தது. என் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட மாட்டேன் என்றார். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வருவதில் பாதியைக் கொடு என்று ஆள் விட்டுச் சொன்னார். எனக்கு அந்தக் கார் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் நிலத்தில் விட்டேன், தண்ணீரில் விட்டேன், இதையும் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது.

மாசி மாதம் மயிலாடுதுறையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அண்ணன் எனக்கு முன்னால் நின்றார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினார்.

"ஓடாத வண்டிக்கு ஓனரு எதுக்குடா?"

"ஓடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு எதையும் ஷரத்துப் போட்டுத்தான் பேச வரும். வரப்பைக் கயிறு பிடித்து அளந்து, அளந்த கயிற்றையும் அளந்து பார்க்கிற ஆள்.

"ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள அது தானா என் வாசலுக்கு வரட்டும். யாரும் தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது, வேற ஆளு கை வைக்கக் கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே கையெழுத்து. வரலைன்னா காயலான் கடைக்காரன் வருவான்."

சரி என்றேன். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர். ஆற்றில் தண்ணீர் வர நாலு மாதம் இருந்தது. கார் பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதலில் நெல்லை வெளியே எடுத்தோம். பதினோரு மூட்டை என்று மனைவி சொன்னாள். எட்டுதான் இருந்தது. மீதி மூன்று மூட்டை நெல்லை எலி காருக்குள்ளேயே வேறு வேறு இடத்தில் பத்திரப்படுத்தியிருந்தது. சீட்டுக்கு அடியில், கதவுக்குள், ஹீட்டர் குழாயில். இந்த ஊர் வெயிலுக்குக் காரில் ஹீட்டர் வைத்தவனை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரே என்ஜின் வயலில் தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜின். அதற்குக் கைப்பிடி போட்டுச் சுற்றினால் ஒன்று ஓடும், இல்லை கையை உடைக்கும். இரண்டில் எது என்று உடனே தெரிந்துவிடும். கார் என்ஜின் அப்படி இல்லை. அது பெரிய ஆபீசர் மாதிரி. ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லாது.

செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒரு மலையாளத்துக்காரர் என்ஜினுக்குள் இருக்கிற தண்டு சுற்றவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் ஆயில் ஊற்றி ஊறவிடச் சொன்னார். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. ஊற்றினேன். தினமும் காலையில் பெரிய ஸ்பேனரை மாட்டி அழுத்துவேன். அசையாது. ஒன்பதாம் நாள் அரை விரற்கடை அசைந்தது. கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. போய் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றேன்.

அடுத்தது ஒயர். பிளக் ஒயர் நான்கையும் துடைப்பதற்காகக் கழற்றினேன், எது எங்கே இருந்தது என்று குறித்துவைக்கவில்லை. திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினால் வெடித்தது. கொட்டகைக் கீற்றில் இருந்த காக்கை போனது போனதுதான். இருபத்து நான்கு விதமாக மாட்டலாம் என்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். எந்த விதம் சரி என்று கேட்டேன். அது தன் பாடத்தில் வராது என்றார்.

அந்த வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருவன் குனிந்து வேலை செய்தால் நாலு பேர் நிமிர்ந்து நிற்பார்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் டீக்கு மட்டும் போய்விட்டு வருவார்கள். ஒருவர் பேட்டரி என்பார். இன்னொருவர் பேட்டரி இல்லை, பெட்ரோல் என்பார். மூன்றாமவர் இரண்டும் இல்லை, நேரம் சரியில்லை என்பார். ஸ்பேனரை எடுத்துக் கொடு என்றால் வேட்டி அழுக்காகிவிடும்.

பெட்ரோல் டாங்கிக்குள் துரு உதிர்ந்து கிடந்தது. அதனால் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் துணி காயப்போடும் கொடியில் கட்டி, அதிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் விட்டேன். வேலியோரத்தில் நின்றவர்கள் பேஷண்டுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒயரை எட்டாவது விதமாக மாட்டியபோது என்ஜின் பிடித்தது.

பிடித்ததும் சைலன்சரிலிருந்து நெல் பறந்தது. எலி சேர்த்துவைத்த மூன்று மூட்டையில் கொஞ்சம் அங்கேயும் இருந்திருக்கிறது. பாதி கருகலாகவும் பாதி பொரியாகவும் பின்பக்கத்து முருங்கை மரம் வரைக்கும் போய் விழுந்தது. ஊர்க் கோழி அத்தனையும் வந்துவிட்டன. அதற்கப்புறம் பத்து நாள் நான் சாவியைத் திருப்பினாலே கோழிகள் ஓடிவந்து பின்னால் வரிசையாக நிற்கும்.

என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

"இத்தனை நாளா நீங்க பண்ணின வேலையில இதுதாங்க முதல் மகசூலு."

என்ஜின் பிடித்தாலும் தொடர்ந்து ஓடவில்லை. ஒரு நிமிடம் கத்தும், ஒரு நிமிடம் முனகும், அணைந்துவிடும். ஊரில் பம்புசெட் பழுது பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான், எனக்கு மருமகன் முறை. அவனைக் கேட்டேன். கை வைக்கச் சொல்லவில்லை, காது வைக்கச் சொன்னேன். அண்ணன் ஷரத்து எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"காத்து வாங்குது மாமா. ஜாயிண்ட்ல ஓட்டை."

"என்ன பண்றது?"

"நம்ம பம்புசெட்டுக்கு என்ன பண்ணுவோம்?"

பம்புசெட் உறிஞ்சுகுழாய் காற்று வாங்கினால் தண்ணீர் ஏறாது. அப்போது சாணியும் களிமண்ணும் குழைத்து ஜாயிண்டில் அப்புவோம். பத்து நிமிடத்தில் தண்ணீர் கொட்டும். இந்தப் பக்கத்தில் அதைச் செய்யாத விவசாயி கிடையாது. நானும் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். அந்த ஆயிரம் தடவையும் தண்ணீர் வந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு கூடை எருமைச் சாணி கொண்டுவந்து பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடுகிற கார்புரேட்டர் என்ஜினில் உட்காருகிற இடம் முழுக்க அப்பினேன். சுவருக்குப் பூசுகிற மாதிரி விரலால் தடவி அழகு வேறு பார்த்தேன்.

ஓடியது. அதுதான் அநியாயம். மூன்று நிமிடம் தறி ஓடுகிற மாதிரி சீராக ஓடியது. வேலியோரத்தில் கை தட்டினார்கள். பம்புசெட் மருமகன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பிறகு சூட்டில் சாணி காய்ந்து வெடித்தது. வெடித்ததை என்ஜின் உள்ளே இழுத்துக்கொண்டது. வறட்டி எரிகிற வாடையோடு புகை வந்து எல்லாம் அடங்கியது, கார்புரேட்டரும் பாழானது. மெக்கானிக் தொழிலில் நான் செய்தது எல்லாமே தப்புதான். ஆனால் இந்தத் தப்பைச் செய்ய ஒருவன் காவிரிக் கடைமடையில் பிறந்திருக்க வேண்டும்.

அதே மாதிரிக் கார் கூத்தாநல்லூரில் ஒரு பாயிடம் இருப்பதாகத் தஞ்சாவூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னார்கள். வளைகுடாவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பஸ் ஏறிப் போனேன். கார் போர்ட்டிகோவில் போர்வை போர்த்தி நின்றது. போர்வையைத் தூக்கிக் காட்டினார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னியது. எப்போது ஓட்டினீர்கள் என்று கேட்டேன். ஓட்டினால் அழுக்காகிவிடுமே என்றார். ஓடுகிற காரைப் போர்த்திவைத்தவரிடம், ஓடாத காரை ஓட்டியே தீருவேன் என்கிறவன் போய் நிற்கிறேன். யாருக்குப் பைத்தியம் என்று அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் உதிரிக்காக அதே கார் இன்னொன்றை வாங்கிப் பிரித்துப்போட்டிருந்தார். அதன் கார்புரேட்டரைக் கேட்டேன். உடனே தரவில்லை. பெண் கொடுக்கிற மாதிரி விசாரித்தார். வண்டி எங்கே நிற்கிறது, மேலே என்ன கூரை, என்ன ஆயில் ஊற்றுகிறாய். பழைய கார்புரேட்டருக்கு என்ன ஆனது என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை, சாணியைச் சொன்னேன்.

கழற்றிவைத்திருந்த கார்புரேட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பசுவா, எருமையா?"

"எருமைங்க."

"அதான்," என்றார். உள்ளே பார்த்து இரண்டு டீ சொன்னார். கார்புரேட்டரை ஒரு பழைய பனியனில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, இதிலேயாவது மாட்டைச் சேர்க்காதீர்கள் என்றார். நாலு மாதத்தில் எனக்கு உருப்படியாக உதவி செய்த ஆள் அவர் ஒருவர்தான். அதையும் இரண்டு வடையைத் தின்ன வைத்துத்தான் செய்தார்.

ஜாயிண்டுக்கு நடுவே வைக்கிற அட்டை மட்டும் கிடைக்கவில்லை. பீரோவில் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை இருந்தது. எங்களுக்குத் தபாலில் அனுப்பியது. நேரில் யாரும் வந்து அழைக்கவில்லை. நல்ல கெட்டி அட்டை. சுபமுகூர்த்தம் என்ற இடத்தில் கத்தரித்து, ஆயிலில் நனைத்து வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தப் பத்திரிகையால் எங்களுக்கு நடந்த முதல் நன்மை.

பிரேக்குக்குப் பதினைந்து நாள் போனது. டயர், குழாய், டாங்கி எல்லாம் முடிவதற்குள் வைகாசி தாண்டிவிட்டது. மேட்டூரைத் திறந்தார்கள். ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்தார். ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.

"தண்ணி கல்லணை வந்துடுச்சாம்."

வைத்துவிட்டார். கல்லணைக்கு வந்தால் எங்கள் ஆற்றுக்கு எப்போது வேண்டுமானாலும் திறப்பார்கள். சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம், வெயில் தாழ்ந்திருக்கும். ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் காரை வெளியே எடுத்தேன். இன்சூரன்ஸ் கிடையாது, எப்.சி. கிடையாது. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மனைவி குடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ எதற்கு என்றேன். ரோட்டில் நின்றுபோனால் யாராவது குடை பிடிக்க வேண்டாமா என்றாள். பின்னால் எட்டு மோட்டார் சைக்கிள் வந்தன. எல்லாம் வேலியில் நின்ற கூட்டம். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் போனில் படம் எடுத்தார்கள்.

கார் ஓடியது. இதை நான் நிதானமாகச் சொல்கிறேன். கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டரும் ஓடியது. வயல் எல்லாம் தரிசாகக் காய்ந்து கிடந்தது, இரண்டு பக்கமும் அனல். மூன்று ஊர் தாண்டினேன். ஒரு பஸ்ஸுக்கு வழிகூட விட்டேன். அண்ணன் வீட்டு கேட் தெரிந்தது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததும் தெரிந்தது. அவர் வீட்டுக்கு முன்னால் வாய்க்கால்மேல் ஒரு மதகுப் பாலம் இருக்கிறது. அதன்மேல் ஏறும்போது கார் இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மோட்டார் சைக்கிள் கூட்டம் இறங்கி ஓடிவந்து காரின் பின்னால் கை வைக்கப் போனது. கதவைத் திறந்து நான் கத்திய கத்தலில் அண்ணன் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கையை எடுங்கடா என்றேன். அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. நாற்பது அடி இருந்தது. தள்ளினால் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். தள்ளினால் தோற்றேன்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டதுதான் மிச்சம். மனைவி குடை பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் போயிருக்கும். அண்ணன் நாற்காலியிலேயே இருந்தார். காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். காயலான் கடைக்குப் போன் செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். என்ஜின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் பம்பின்மேல் துண்டைச் சுற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"பெட்ரோல் கொதிச்சு ஆவியா நிக்குது. அப்பா ஒவ்வொரு கோடைக்கும் இதத்தான் பண்ணுவாரு. நீ பின்னாடி தூங்கிட்டு வருவ."

"இத நாலு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

ஆவி அடங்கியது. சாவியைத் திருப்பச் சொன்னார். பிடித்தது. நாற்பது அடியை ஓட்டி அவர் வாசலில் நிறுத்தினேன். பையிலிருந்து பெயர் மாற்றும் பாரத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது செல்லாதுடா."

"வாசல்லதான நிக்குது?"

"நான் கை வச்சிட்டேன். வேற ஆளு கை வைக்கக் கூடாதுன்னு நானே சொன்னேன். திரும்பப் போயி, மறுபடி வா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே காரைக் கொளுத்தியிருப்பேன். என் மனைவி இறங்கி, அண்ணி எங்கே என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்தார். முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, குடத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். நீங்கள் எதற்கு என்றேன். நீ ஏமாற்றாமல் போகிறாயா என்று பார்க்க வேண்டாமா என்றார்.

போகும்போது கிளட்சை விடு, கியரை மாற்று, ஓரமாகப் போ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் கொட்டகை வாசலில் திருப்பும்போது இறங்கி நின்று என் வயலைப் பார்த்தார். பாகம் பிரித்த பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"இந்தப் பள்ளத்துல தண்ணி நிக்குமே."

"நிக்கும். நீங்க குடுத்ததுதான்."

ஏறிக் கதவைச் சாத்தினார். ஒரு தடவையில் சாத்தாது, இரண்டு தடவை சாத்தினார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு புங்கமரத்து நிழலில் நிறுத்தச் சொன்னார். கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிக் குடத்துத் தண்ணீரைப் பம்பின்மேல் கட்டியிருந்த துண்டில் ஊற்றினார். இப்போது கை வைக்கலாமா என்று கேட்டேன்.

"வெயில்ல வர்ற மாட்டுக்குத் தண்ணி காட்டறது இல்லையா? அதெல்லாம் தப்புல சேராது."

யார் வகுத்த சட்டம் என்று நான் கேட்கவில்லை. மதகின்மேல் கார் ஏறியது, இறங்கியது, அவர் வாசலில் போய் நின்றது. உட்கார்ந்த இடத்திலேயே பாரத்தை வாங்கிக் குடத்தின் வாயின்மேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் திட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இறங்கி முன்னால் போய்ப் பம்பிலிருந்து துண்டை அவிழ்த்தார். கரியும் ஆயிலுமாக இருந்தது. துவைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.